புறவாசல் செட்டு

(ஆலங்குளம். ஆடி மாசம். வீட்டுப் புறவாசலில் பழைய சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. அண்ணாச்சி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கொத்தனார் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ரெண்டையும் காத்து இழுக்கிறது.)

அண்ணாச்சி: கொத்தனாரே, 10-க்கு 8 அடியில ஒரு செட்டு. இந்தச் சாமானெல்லாம் உள்ள போயிரணும், பாக்கவும் லெச்சணமா இருக்கணும். 30 ஆயிரத்துக்கு மேல பைசா கெடையாது.

கொத்தனார்: லெச்சணமான்னா?

அண்ணாச்சி: சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்தா மாட்டுத்தொழுன்னு நெனைச்சிரப்பிடாது. மேல தகரம் போட்டு, பச்சைப் பெயிண்ட் அடிச்சு...

கொத்தனார்: தகரமா! இங்கன கரண்டு எடுக்கத காத்தாடி சுத்துதது என்ன அழகுக்கா? செங்கோட்டைக் கணவாய்க் காத்து அண்ணாச்சி. இங்க போட்ட தகரத்தச் சீதபற்பநல்லூர்ல போய்த் தேடணும்.

அண்ணாச்சி: ஆணி அடிச்சா?

கொத்தனார்: ஆணியோட போவும். கொக்கி மாதிரி ஜே போல்ட் மாட்டி, ரப்பர் வாசர் வச்சு முறுக்கணும். வாசலும் மேக்க ஆவாது, காத்து உள்ள பூந்து கூரையத் தூக்கிரும். கெழக்க வைப்போம். ஆமா, அந்தா குமிஞ்சு கெடக்கே, அது என்ன ஓடு?

அண்ணாச்சி: தாத்தா வீட்டு ஓடு. அதை வைக்கத்தானவே செட்டு!

கொத்தனார்: மேல வச்சிருவோம். 8 அடி அகலத்துக்கு நடுவுல 2 அடி முகடு தூக்கி, ரெண்டு பக்கமும் சரிச்சா ஒழுவாது. ஓரத்து வரிசைய மட்டும் சிமெண்டு வச்சுப் பூசிருதேன்.

அண்ணாச்சி: கட்டைக்கு எங்க போக?

கொத்தனார்: ஓட்டுக்குக் கீழ கெடக்கே பனங்கை. (தட்டிப் பார்த்து) நல்ல வைரம் பாஞ்சது. கரையான் கிட்டக்க வரல.

அண்ணாச்சி: அதுவும் உள்ள வைக்கத சாமான்வே.

கொத்தனார்: அந்தத் தேக்குக் கதவு?

அண்ணாச்சி: (குரல் இறங்கி) சாமான்.

கொத்தனார்: வாசலுக்கு ஆச்சு. அந்த அம்மி, படிக்கு.

அண்ணாச்சி: எங்க ஆச்சி அரைச்ச அம்மிவே!

கொத்தனார்: கவுத்திப் போட்டா ஆச்சிக்குத் தெரியாது. 2023 டிசம்பர் மழையில தண்ணி நின்ன கறை சுவத்துல இருக்குல்லா, அதுக்கு மேல அரை அடி பேஸ்மட்டம். சுவருக்கு 6 இஞ்ச் ஹாலோ பிளாக். பிளாக்கு, சிமெண்டு, மணல், கூலி, இவ்வளவுக்குத்தான் துட்டு.

அண்ணாச்சி: செரிவே. இருக்கத எல்லாத்தையும் போட்டுக் கெட்டிட்டா, உள்ள என்னத்த வைக்க?

கொத்தனார்: எனக்குச் சாரப்பலகை, கலவைச்சட்டியெல்லாம் வைக்க எடமில்லாமத்தான் கெடக்கு. மாசம் 500 வாடகை தந்துருதேன்.

அண்ணாச்சி: (முகம் மலர்ந்து) அட்வான்சு?

கொத்தனார்: போன வருசம் காம்பவுண்டுச் சுவர் கெட்டுனதுல பாக்கி நிக்குல்லா அண்ணாச்சி, அதுல கழிச்சிக்கிடுவோம்.