ஆதிமனிதன் சாப்பாட்டில் மட்டியையும் சேருங்கள்

ஆதிமனிதன் என்றாலே கையில் ஈட்டியோடு ஒரு முரட்டு ஆள், எதிரே ஒரு யானை. பாடப்புத்தகத்திலும் இதுதான், ஆதிமனிதன் சாப்பாடு என்று சொல்லப்படும் பேலியோ டயட் வீடியோக்களிலும் இதுதான். ராமநாதபுரம் கடற்கரையில், தேவிபட்டினம் பக்கம் வளர்ந்த எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது.

எங்கள் பக்கம் கடல் வற்றியதும் பெண்கள் பிள்ளைகளோடு சேற்றில் இறங்குவார்கள். சேற்றில் புதைந்து கிடக்கும் மட்டி என்ற சிப்பியை எடுக்கத்தான். தேடுவது கண்ணால் இல்லை, காலால். பாதத்தில் தட்டுப்பட்டதும் குனிந்து கையை விட்டால் மட்டி மடிக்கு வந்துவிடும். எங்கள் அப்பத்தா அதை அலசி, தண்ணீர்கூட ஊற்றாமல் சட்டியில் போட்டு அடுப்பில் வைப்பார். சூடு ஏறியதும் ஒவ்வொன்றாக வாய் பிளக்கும், விட்ட நீரிலேயே வெந்துவிடும். துரத்த வேண்டாம், மிதிபட்டுச் சாக வேண்டாம். சின்னப் பிள்ளைகூடத் தன் பங்குக்கு ஒரு கை அள்ளி வரும்.

தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயிண்ட் குகையில், சுமார் 1,64,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் தின்றுபோட்ட சிப்பி ஓடுகள் கிடைத்திருக்கின்றன. தொல்லியலாளர் கர்டிஸ் மரியன் குழு 2007இல் இதை வெளியிட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் அதிகம் உள்வாங்கும், அதனால் நிலாவைக் கணக்கு வைத்தே அவர்கள் கரைக்கு வந்திருக்க வேண்டும் என்கிறார் மரியன். அந்தக் கணக்கு எங்கள் ஊரில் இன்றும் பெண்கள் வாயில் புழங்குவதுதான். எவ்வளவு பெரிய அறிவு அது!

வேட்டையே இல்லை என்று சொல்லவில்லை. நம் எதிர்க்கரையில், இலங்கையின் ஃபாஹியன் லெனா குகையில், 45,000 ஆண்டுகளுக்கு முன்பே குரங்கையும் மர அணிலையும் வேட்டையாடித் தின்றிருக்கிறார்கள். மரத்தில் தாவுகிற குரங்கை அடிக்கத் தனித் திறமை வேண்டும். ஆனால் அதையும் யாரும் படமாக வரைவதில்லை.

சரி, நம் கரையில் அந்தக் காலத்து மட்டிக் குவியல் எங்கே? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் இப்போதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணையோ பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம்தான். அதாவது இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். அன்றைய கடற்கரை இன்று கடலுக்கடியில் கிடக்கிறது. கரையில் வாழ்ந்தவர்கள் தின்றுபோட்ட மிச்சம் முழுகிப்போனது, மலைக்குகையில் வாழ்ந்தவர்களின் எலும்பு தங்கிவிட்டது. கிடைத்ததை மட்டும் வைத்து முழுக் கதையையும் எழுதிவிட்டோம்.

பூம்புகாரில் கடலடி ஆய்வு நடந்திருக்கிறது. சோழர் துறைமுகத்தைத் தேடிய அதே ஆர்வத்தோடு மன்னார் வளைகுடாவிலும் அந்தப் பழைய கரையைத் தேட வேண்டும்.