மெத்தையை அழுத்திப் பார்த்த கை யாருடையது?

பக்கச் சட்டங்கள் வைத்த குழந்தைத் தொட்டிலில் ஏழு பொருள் செட் ஒன்றை அடுக்கி இணையத்தில் ஒரு படம் போட்டிருந்தார்கள். அதன் கீழே நானும் ஒரு கமெண்ட் எழுத, அதற்கு ஏகப்பட்ட பதில்கள். அந்தத் தொட்டில் படத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். நேற்று என் கமெண்ட்டை மட்டும் வெட்டியெடுத்து, "சிலருக்கு எதைப் பார்த்தாலும் வயிற்றெரிச்சல்" என்று தலைப்பு வைத்து ஓட விட்டிருக்கிறார்கள். சரி, வயிற்றெரிச்சல் என்றே இருக்கட்டும். ஆனால் முழுசாகப் போட்டிருக்கலாம். மெத்தை ரொம்ப மெத்தென்று தெரிகிறது, பக்கவாட்டில் சந்து இருக்கிறது, உள்பக்கம் சுற்றிக் கட்டும் மெத்துத் தடுப்பான பம்பரைக் கழற்றிவிடுங்கள், தலையணை வேண்டாம். இவ்வளவுதான் எழுதினேன். கடைசியில் "மனமார்ந்த வாழ்த்துகள்" என்றும் எழுதியிருந்தேன். அந்த வரி மட்டும் ஸ்க்ரீன்ஷாட்டில் விழவில்லை.

அந்தப் படத்துக்குக் கீழே அதிகம் லைக் வாங்கிய கமெண்ட் ஞாபகம் இருக்கிறதா? "தொட்டாலே தூக்கம் வருதுபா!" யாருக்கு வருகிறது? தொட்டவருக்கு. சிக்கலே அங்கேதான். மெத்தையை வாங்கும்போது அழுத்திப் பார்ப்பது நம் கை. நம் கைக்கு மெத்தென்று இருந்தால் குழந்தைக்கும் சுகம் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். குழந்தைக்கு வேண்டியது கெட்டியான, தட்டையான மெத்தை, அதன்மேல் இறுக்கமாக ஒரு விரிப்பு. அதற்கு மேல் குழந்தை. வேறு எதுவும் கிடையாது.

ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. கேட்ட அந்த இரண்டு பேருக்காக எழுதுகிறேன். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். அந்தத் தலையைத் தூக்கும் பலம் கழுத்துக்கு இல்லை. மெத்து மெத்தையில் தலை புதைந்த இடத்தில் ஒரு குழி விழும். குழந்தை முகம் திருப்பினாலோ குப்புறப் புரண்டாலோ மூக்கு அந்தக் குழிக்குள் போகும். விட்ட மூச்சு அங்கேயே தேங்கும். அதையே திரும்ப இழுக்கும். கரியமில வாயு ஏறும், ஆக்ஸிஜன் இறங்கும். நாமாக இருந்தால் திணறி எழுந்துவிடுவோம். அது சத்தம்கூட எழுப்பாது. 1990-களின் முதல் பாதியில் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிரசாரம் செய்தார்களே, அதற்குப் பிறகு அமெரிக்காவில் தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. புது மருந்து எதுவும் வரவில்லை. படுக்க வைக்கும் முறைதான் மாறியது.

இப்போது மெத்தைக்கு வருகிறேன். உள்ளங்கையை நடுவில் ஒரு முறை, ஓரத்தில் ஒரு முறை, தலை வரும் பக்கத்தில் ஒரு முறை அழுத்தி எடுங்கள். கையை எடுத்த நொடியே மெத்தை பழையபடி தட்டையாகிவிட வேண்டும். விரல் தடம் கொஞ்ச நேரம் நின்று மெல்ல மறைந்தால் அது மெமரி ஃபோம், அல்லது அதன் உறவுக்காரன். பெரியவர்களின் முதுகுவலிக்குச் சரி, தொட்டிலுக்கு ஆகாது. ஓரத்தைக் கட்டாயம் பாருங்கள். நடுவில் கெட்டியாக இருந்து ஓரத்தில் சரியும் மெத்தைகள் நிறைய உண்டு. குழந்தை உருண்டு போய்ச் சேர்வது அந்த ஓரத்துக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும், குழந்தை படுத்திருக்கும்போது மெத்தை மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். தலையைச் சுற்றிப் பள்ளம் தெரியக் கூடாது. இது பயந்தவர்களின் கற்பனை இல்லை. குழந்தைகள் படுக்கும் பரப்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று சோதிப்பதற்கென்றே ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2013-ல் ஒரு தரநிலை வெளியிட்டிருக்கின்றன.

"ஹை டென்சிட்டி ஃபோம்" என்று எழுதியிருந்தால் கெட்டி என்று அர்த்தமில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. மெத்தை எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அது ஓரளவு அடையாளம். கெட்டித்தனம் வேறு அளவு. டென்சிட்டி அதிகமான மெமரி ஃபோம் பிசைந்த மாவு மாதிரி இருக்கும். டென்சிட்டி குறைந்த சாதா ஃபோம் முதல் வாரம் பலகை மாதிரி இருந்துவிட்டுச் சீக்கிரமே இடுப்பு படும் இடத்தில் பள்ளமாகும். அதனால் இரண்டையும் பாருங்கள். வாங்கிய பிறகும் மாதம் ஒரு முறை அதே இடங்களை அழுத்திப் பாருங்கள்.

ரப்பர் பூசிய தென்னைநார் மெத்தை நல்ல கெட்டி, காற்றும் போகும். ஆனால் மூலை உதிரும், நனைந்தால் உள்ளே காய நாளாகும், உறை கிழிந்தால் நார் வெளியே குத்தும். ஸ்பிரிங் மெத்தையில் பலரும் சுருள் எத்தனை என்று எண்ணிக்கை கேட்கிறார்கள். கம்பி எவ்வளவு கனம், மேலே ஒட்டியிருக்கும் பஞ்சு அடுக்கு எவ்வளவு தடிமன் என்று கேளுங்கள். அந்த அடுக்கு புசுபுசுவென்று இருந்தால் கீழே இரும்பே இருந்தும் பயனில்லை. அடைத்த பஞ்சு மெத்தை வேண்டாம். அது உருண்டு திரண்டு மேடும் பள்ளமுமாகிவிடும்.

ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் கொஞ்சம் மெத்து என்று இரட்டைப் பக்க மெத்தையும் வருகிறது. யோசனை நல்லதுதான். ஆனால் துவைப்பதற்காக உறையைக் கழற்றி மாட்டும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது மறந்துபோகும். கெட்டிப் பக்கத்து ஓரத்தில் மார்க்கர் பேனாவால் பெரிதாக ஒரு புள்ளி வையுங்கள். ஒரு வயது முடியும்வரை புள்ளிதான் மேலே.

சுருட்டிக் காற்று உறிஞ்சி அடைத்து வரும் மெத்தையைப் பிரித்த அன்றே அளந்து "சின்னதா அனுப்பிட்டாங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள். முழுசாக உப்ப ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். அதுவரை அதில் குழந்தையைப் படுக்க வைக்கவும் கூடாது. அந்த நாள்களில் காற்றோட்டமான அறையில் நிமிர்த்தி வைத்தால் புது ஃபோமின் வாடையும் போய்விடும். இன்னொன்று, சொல்லவே சங்கடமாக இருக்கிறது: மெத்தை அழுக்காகக் கூடாது என்று அது வந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றாமல் அப்படியே மேலே விரிப்புப் போடுகிறார்கள். அந்த மெல்லிய பிளாஸ்டிக் முகத்தில் ஒட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டுமா? ஈரம் இறங்கக் கூடாதென்றால் நான்கு பக்கமும் எலாஸ்டிக் வைத்த மெல்லிய வாட்டர் ப்ரூஃப் உறை போதும். அதில் இரண்டு, விரிப்பு நான்கு. ராத்திரி வசதிக்கு உறை, விரிப்பு, மறுபடி உறை, விரிப்பு என்று இரண்டு அடுக்காக மாட்டி வைத்தால், ஈரமானதும் மேல் ஜோடியை உருவினால் போதும்.

படத்தில் நான் சுட்டிய சந்துக்கு வருகிறேன். "சந்தா? எங்கே? பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டவருக்கு: பூதக்கண்ணாடி வேண்டாம், இரண்டு விரல் போதும். மெத்தையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு மறுபக்கச் சந்தில் விரல்களைச் செருகுங்கள். இரண்டு விரலுக்கு மேல் போனால் மெத்தை சின்னது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் முகம் சிக்கும் இடம் அது. துண்டைச் சுருட்டி அடைப்பது தீர்வில்லை, அந்தத் துண்டு இரவில் வெளியே வரும். 120-க்கு 60 செ.மீ., 140-க்கு 70 செ.மீ., அமெரிக்க அளவில் ஏறக்குறைய 132-க்கு 70 என்று தொட்டில்கள் வேறு வேறு அளவில் இருக்கின்றன. தொட்டிலின் உள்பக்கத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள், வெளிப்பக்கத்தை இல்லை.

தடிமன் 10 செ.மீ. தாராளம். அமெரிக்க விதிப்படி 15-க்கு மேல் போகவே கூடாது. மெத்தை ஒரு செ.மீ. உயர்ந்தால் தொட்டில் தடுப்பு ஒரு செ.மீ. குள்ளமாகிறது. பல தொட்டில்களில் உள்பக்கம் ஒரு கோடு போட்டிருக்கும், மெத்தை அதற்கு மேல் வரக் கூடாது. குழந்தை உட்காரத் தொடங்கினால் அடித்தளத்தை இறக்குங்கள். பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினால் கடைசிப் படிக்கு இறக்குங்கள். உயரம் 89 செ.மீ. ஆனால் தொட்டிலோடு கணக்கு முடிந்தது.

இனி பம்பர். "தலை இடிச்சுக்காதா? மனசாட்சியே இல்லையா?" மனசாட்சி இருப்பதால்தான் எழுதினேன். பக்கச் சட்டங்களுக்கு நடுவில் இடைவெளி 6 செ.மீ. அளவில் இருக்கும் தொட்டிலில் குழந்தையின் உடல் நுழையாது. கை கால் வெளியே போகும், சிக்கும், அழும், எடுத்துவிடுவோம். அதிகபட்சம் ஒரு கன்றல். பம்பரில் மூக்குப் பதிந்தால், அதன் கயிறு கழுத்தில் சுற்றினால் அழுகைச் சத்தமே வராது. அமெரிக்காவில் 2022-ல் சட்டமே போட்டு இதன் விற்பனையைத் தடுத்தார்கள். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூங்கு படுக்கைகளையும் அதே சட்டம் தடுத்தது. அதற்கு முன்பே, 2019-ல், குழந்தைகள் இறந்த பிறகு 47 லட்சம் சாய்வுப் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். "பால் எதுக்களிக்குது, தலைப் பக்கம் உயர்த்தி வச்சா நல்லது" என்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். சாய்வில் குழந்தை கீழே சரியும், தாடை மார்பில் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். எதுக்களிப்பும் அதனால் குறைவதில்லை.

தலையணை வைக்காவிட்டால் தலை தட்டையாகிவிடும் என்று ஒரு அம்மா நிஜமான கவலையோடு கேட்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். இன்று தலை இருந்த பக்கம் நாளை கால் வரும்படி மாற்றிப் படுக்க வையுங்கள். தலையை வடிவமாக்கும் என்று விற்கும் நடுவில் குழிவிழுந்த தலையணைகளை வாங்காதீர்கள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-ல் எச்சரித்தது. ஒரு வயதுவரை தலையணை கிடையாது. இரண்டு வயதை ஒட்டித் தட்டையாக ஒன்று கொடுத்தால் போதும். தொட்டிலில் குவித்த தலையணையும் பொம்மையும், எழுந்து நிற்கும் குழந்தைக்கு ஏறிக் குதிக்க நல்ல படிக்கட்டு.

குளிருமே என்றால் கை நுழைத்துப் போடும் தூங்கு பை இருக்கிறது. கழுத்து வழியாகத் தலை உள்ளே நழுவாத அளவாகப் பாருங்கள், தொப்பி வைத்தது வேண்டாம், உள்ளே எடை வைத்துத் தைத்தது வேண்டவே வேண்டாம். பை எவ்வளவு கதகதப்பு தரும் என்பதற்கு டாக் என்று ஒரு எண் போட்டிருக்கும். அறை 24 டிகிரிக்கு மேல் என்றால் 0.5, 20-ஐத் தாண்டினால் 1, அதற்குக் கீழே 2.5 என்பது ஏறக்குறையக் கணக்கு. உள்ளங்கை ஜில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியைத் தொடுங்கள். வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள்.

"நாங்கள்லாம் பஞ்சு மெத்தையில தலையணை வச்சுப் படுத்துத்தான் வளர்ந்தோம், ஒண்ணும் ஆகலையே." இதைப் பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள், எண்ணினேன். ஆகாதவர்கள்தானே ஐயா வந்து கமெண்ட் போட முடியும்? ஆனவர்கள் எப்படி எழுதுவார்கள்? அந்த வீடுகளில் அதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை.

"மெத்தையிலிருந்து விஷவாயு வருதாமே, அதைச் சொல்ல மாட்டீங்களா?" அதை 1998-லேயே பிரிட்டனில் ஒரு நிபுணர் குழு ஆராய்ந்து ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது. அடுத்தது.

பழைய மெத்தையைப் பற்றிக் கேட்டவருக்கு முழுப் பதில் தர என்னால் முடியாது. வேறு வீட்டில் பயன்படுத்திய மெத்தைக்கும் திடீர் மரணத்துக்கும் தொடர்பு தெரிகிறது என்று 2002-ல் ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று சொன்னது. காரணம் அதுதான் என்று நிறுவவில்லை. என் கருத்து: தொட்டில் பழசாக இருக்கட்டும், ஆணி, திருகு, இடைவெளி எல்லாம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மெத்தை மட்டும் புதிது.

"எந்தக் கம்பெனி காசு கொடுத்துச்சு?" இந்தக் கேள்விக்கு இரண்டு முறை சிரித்தேன், மூன்றாவது முறை சிரிப்பு வரவில்லை. பம்பர் வாங்காதீர்கள், தலையணை வாங்காதீர்கள், சாய்வுப் படுக்கை, பொம்மை எதுவும் வாங்காதீர்கள் என்கிறேன். வாங்காதே என்பவருக்குக் கமிஷன் தரும் கம்பெனி இருந்தால் முகவரி கொடுங்கள், நானே விண்ணப்பிக்கிறேன். ஏழு பொருள் கொண்ட அந்த செட்டில் குழந்தைக்கு ஆவது ஒன்றே ஒன்று, எலாஸ்டிக் விரிப்பு. மற்ற ஆறும் கேமராவுக்கு. வெறும் தொட்டில் படத்தில் அழகாக இராது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு லைக் விழாது.

கடைசியாக, "முதல்ல உங்களுக்குக் குழந்தை இருக்கா?" இதற்கு நாற்பத்தி மூன்று இதயம் போட்டிருக்கிறார்கள். அதில் சில பெயர்கள் எனக்குத் தெரிந்தவை. நான் பதில் சொல்லப் போவதில்லை. இருக்கிறது என்றால் மெத்தை கெட்டியாகிவிடுமா? இல்லை என்றால் அந்தச் சந்து அடைபட்டுவிடுமா? இரண்டு விரலை வைத்துப் பாருங்கள் என்றுதான் சொன்னேன்.

ஒரு வேடிக்கை. என் கமெண்ட்டுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர் ஒருவரே இன்று இன்பாக்ஸில் வந்து, விரிப்பு வீட்டிலேயே தைக்க என்ன அளவு என்று கேட்டிருக்கிறார். இங்கேயே சொல்லிவிடுகிறேன். 120-க்கு 60, தடிமன் 10 செ.மீ. மெத்தைக்குத் துணி 154-க்கு 94 வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் தடிமனுக்கு 10, அடியில் மடிய 5, எலாஸ்டிக் கோக்க 2. நான்கு மூலையிலும் 16-க்கு 16 சதுரம் வெட்டியெடுத்து, வெட்டிய இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். எலாஸ்டிக் மூலைக்கு மட்டும் வைத்தால் கழன்றுவிடும், சுற்று முழுக்க வர வேண்டும். மாட்டிய பிறகு மூலையைப் பிடித்து மேலே இழுங்கள், கையோடு வந்தால் தளர்வு. மெத்தை மூலை வளைந்து தூக்கினால் ரொம்ப இறுக்கம், அதுவும் சந்து விடும். வெட்டுவதற்கு முன் துணியை ஒரு முறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும்.