ஆறு மாசம் கழிச்சு வாங்க!

குடியால் கல்லீரல் கெட்டவரின் வீட்டார் மாற்று அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டால், “ஆறு மாசம் குடிக்காம இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பதே பல இடங்களில் கிடைக்கும் பதில். இதில் பாதி நியாயம் உண்டு. குடியை விட்டாலே சிலருக்கு மூன்று மாதத்தில் மஞ்சள் இறங்கி, வயிற்று நீர் வற்றி, ஆபரேஷனே தேவைப்படாமல் போகும். ஆனால் கடுமையான குடிக் கல்லீரல் அழற்சியில் படுத்திருப்பவருக்கு ஆறு மாதம் ஏது?

அங்கே நாள் கணக்குதான். ரத்தத்தில் மஞ்சள் நிறமியின் அளவு (பிலிருபின்), ரத்தம் உறைய எடுக்கும் நேரம் (புரோத்ராம்பின் நேரம்) இரண்டையும் வைத்துப் போடும் மேட்ரி கணக்கு 32 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமை. கிருமித்தொற்று இல்லையென்று உறுதிசெய்து பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தினம் 40 மி.கி. மருந்துக்கு உடம்பு இசைகிறதா என்று காட்டும் லில் மதிப்பெண் ஏழாம் நாள் 0.45-ஐத் தாண்டினால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். அதற்கப்புறமும் கொடுத்துக்கொண்டே போனால் தொற்றுக்குத்தான் வழி. 2011-இல் வெளியான பிரான்ஸ், பெல்ஜியம் ஆய்வில் இந்த நிலையில் இருந்த 26 பேருக்குக் காத்திருக்காமல் கல்லீரல் மாற்றினார்கள். ஆறு மாத முடிவில் 77 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள். மாற்றாதவர்களில் 23 சதவீதம். பின்னாளில் மூன்று பேர் மறுபடி குடித்தார்கள். ஆனால் வந்தவருக்கெல்லாம் செய்துவிடவில்லை. கல்லீரல் முதன்முறையாக மக்கர் பண்ணியவர், குடும்பம் கூட நிற்பவர் என்று சலித்தெடுத்தார்கள்.

சிரோசிஸ்காரர்கள், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனவர்கள் விஷயம் வேறு. வயிற்றில் நீர் கோத்த அன்றே, ரத்த வாந்தி எடுத்த அன்றே, கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் மெல்ட் மதிப்பெண் 15-ஐ எட்டிய அன்றே மாற்று மையத்தில் காட்டிவிட வேண்டும். குடியை விடுவதும் பரிசோதனைகளும் ஒரே சமயத்தில் நடக்கட்டும். உறவினர் தானம் என்றால் அதற்கே வாரக்கணக்கில் ஆகும். 70 கிலோ நோயாளிக்குக் குறைந்தது சுமார் 560 கிராம் கல்லீரல் வேண்டும். கொடுப்பவருக்குத் தன் கல்லீரலில் 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். கொடுக்க முன்வரும் தம்பிக்குக் கொழுப்புக் கல்லீரல் என்று தெரிந்தால் முதலிலிருந்து ஆள் தேட வேண்டியதுதான்.

இடைப்பட்ட காலத்தில் நம் வீடுகளில் செய்யும் பெரிய தப்பு பத்தியம். மஞ்சள் காமாலை என்றதும் முட்டை, பருப்பை நிறுத்திக் கஞ்சியில் போட்டுவிடுகிறார்கள். தசை கரைந்தவர் ஆபரேஷனைத் தாங்க மாட்டார். நீர் எடையைக் கழித்து, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்குத் தினம் 72 முதல் 90 கிராம். படுக்கும் முன் ஒரு சிற்றுணவும் கட்டாயம். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே தின்னும்.

மாற்றிய பின் ‘பெத்’ ரத்தப் பரிசோதனை முந்தைய இரண்டு முதல் நான்கு வாரக் குடியைக் காட்டிக்கொடுக்கும். அதை வேவு பார்ப்பதாக நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். மனநல மருத்துவர் முன்கூட்டியே தலையிடத்தான் அது. பீடி, சிகரெட்டைப் பற்றி மட்டும் ஏனோ யாரும் கேட்பதில்லை. புதுக் கல்லீரலோடு நன்றாக இருந்தவர்களைப் பல வருடம் கழித்துத் தொண்டை, நுரையீரல் புற்றுநோய் கொண்டுபோவது குடியால் கல்லீரல் மாற்றிக்கொண்ட நோயாளிகளிடம்தான் அதிகம்.