வீட்டில் தரும் உதவிக்கு மட்டும் அரசிடம் ஏன் பணம் இல்லை?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெறாத ஆட்டிசத்தை அது சேர்த்துக்கொண்டது. அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று அதன் 24-ஆவது பிரிவு அரசுக்குச் சொல்கிறது. அந்த ஆதரவைக் கேட்டு மனுச் செய்யும் வழியை 38-ஆவது பிரிவு திறந்து வைத்திருக்கிறது. இவ்வளவும் எழுத்தில் இருக்கும்போது, ஆட்டிசம் உள்ள என் ஒன்பது வயது மகனுக்கு வீட்டிலேயே பயிற்சி தர ஓர் ஆளை அமர்த்திக்கொள்ள உதவி கிடைக்குமா என்று மும்பையில் ஓர் அரசு அலுவலகத்தில் போய்க் கேட்டால், "எந்த தெரபி சென்டரில் சேர்த்திருக்கிறீர்கள், ரசீது எங்கே?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள். சென்டரில் இல்லை, வீட்டில் என்று சொன்ன மாத்திரத்தில் கோப்பு மூடப்படுகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டில்தான் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறாய் என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்தில் தானாகக் கைவருவதில்லை. என் மகன் தெரபி சென்டரில் பல் துலக்கக் கற்றுக்கொண்டான். அங்கே வாஷ்பேசினும் அழுத்தினால் திறக்கும் குழாயும் எதிரே கண்ணாடியும் இருந்தன. செம்பூரில் எங்கள் வீட்டில் இருப்பது வாளியும் குவளையும்தான். பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால் அந்தக் குழாயைத் தேடினான். காணாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். பிறகு ஒரு பயிற்றுநர் வீட்டுக்கே வந்து, பேஸ்ட்டைப் பிதுக்குவது, குவளையில் தண்ணீர் மொள்ளுவது, கொப்பளித்துத் துப்புவது என ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து, குளியலறைச் சுவரில் அவன் கண்ணுக்கு நேராக ஒட்டி, முதலில் கையைப் பிடித்தும், பின்னர் முழங்கையை மட்டும் தொட்டும், கடைசியில் படத்தைச் சுட்டிக் காட்டியும் பழக்கிய பிறகே அவன் தானாகப் பல் துலக்கினான். சென்டரில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னதை எல்லாம் இவர் எங்கள் வீட்டுத் தமிழிலேயே சொன்னார். குளிப்பது, சட்டை மாட்டுவது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று தெரிவிப்பது ஆகிய அனைத்தும் வீட்டில் நடப்பவை. அவற்றை வீட்டில் வைத்துத்தான் சொல்லித்தர முடியும். மாலை நேர லோக்கல் ரயிலின் நெரிசலிலும் இரைச்சலிலும் நசுங்கி சென்டர் போய்ச் சேரும் பிள்ளை, அங்கே எதையும் கற்கும் நிலையில் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குத்தான் எந்தத் திட்டத்திலும் இடமில்லை. ஆதரவற்றோருக்கு மாத உதவித்தொகை தரும் மாநில அரசின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 50,000 ரூபாய். மாதம் 4,200 ரூபாய்கூட வராத குடும்பம் மும்பையில் எங்கே இருக்கிறது? தாராவியில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்துக் குடியிருக்கும் கூலித் தொழிலாளிகூட இந்த வரம்பைத் தாண்டிவிடுவார். இதே மாநிலம் 2024-இல் பெண்களுக்கு மாத உதவித்தொகை தரத் தொடங்கிய லாட்கி பஹீண் திட்டத்தின் வருமான வரம்பு இரண்டரை லட்சம். அந்தப் பெண்களுக்குக் கிடைப்பதை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது வேண்டும். இரண்டரை லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு உதவி தேவை என்று உணர்ந்த ஓர் அரசு, மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு மட்டும் அதில் ஐந்தில் ஒரு பங்கை எல்லையாக வைத்திருப்பதற்கு என்ன நியாயம் சொல்லும்? போதாததற்கு, 15 ஆண்டுகளாக மகாராஷ்டிரத்தில் வசிப்பதற்கான சான்றும் வேண்டும். திருநெல்வேலியிலிருந்து பிழைப்புக்காக வந்து பத்தாண்டுகள் ஆனவரின் பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால், அந்தப் பிள்ளை எந்த மாநிலத்தின் பொறுப்பு?

மத்திய அரசின் திட்டங்களைச் சொல்வார்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு; நல்ல திட்டம்தான். ஆனால் முதலில் நம் கைக்காசைச் செலவழித்து, பிறகு ரசீது காட்டித் திரும்பப் பெற வேண்டும். தெரபிக்குத் தனி உச்சவரம்பும் இருக்கிறது. இரவெல்லாம் தூங்காத பிள்ளையின் அருகில் விழித்திருக்கும் துணையாளுக்கு யார் ரசீது தருவார்கள்? 2012-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத் திருத்தம், கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்கிறது. அதற்குப் பொறுப்பான சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள ஒரு பிள்ளைக்கு ஒதுக்கும் தொகை ஆண்டுக்கு 3,500 ரூபாய். மாதத்துக்கு 300 ரூபாய்கூடத் தேறாது. மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கான வருமான வரிக் கழிவு பழைய வரிமுறையில் இருப்போருக்கு மட்டுமே. சக்கர நாற்காலிக்கும் காதுக் கருவிக்கும் திட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். என் பிள்ளைக்குத் தேவைப்படும் கருவி ஒரு மனிதர். அவருக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை.

அந்த மனிதர் இல்லாத இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பது அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். அம்மா நிற்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். என்னைப் போல விட்டவர்களை மாட்டுங்காவிலும் சயானிலும் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். எங்கள் உழைப்பு இலவசம் என்ற கணக்கின் மேல்தான் இத்தனை திட்டங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்று 24-ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார்கள். எங்கள் வீட்டின் பொருளாதார வசதியை யாரும் கேட்பதில்லை.

மும்பையில் என் நிலையில் இருக்கும் தமிழ்ப் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றிதழ் கையில் இருந்தால், 38-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, வீட்டில் ஒரு துணையாளும் அவருக்கான உதவித்தொகையும் வேண்டும் என்று எழுத்தில் மனுக் கொடுங்கள். வாய்மொழியாக "முடியாது" என்றால் திரும்பி வராதீர்கள். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், புனேயில் இருக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனுவின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். என்னுடையது அங்கே போய்விட்டது. அதன்மேல் உங்களுடையதும் போய் விழட்டும்.