டீ-சர்ட் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன்

சனிக்கிழமை நடந்த பசுமை விருது விழாவைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எந்த விழா, எந்தத் துணிக்கடைக்காரருக்கு விருது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் போட்டோ பார்த்திருப்பீர்கள். பேர் சொல்லப் போவதில்லை. நாளைக்கும் அந்தக் கடைக்கு நான் நைட்டி தைத்துக் கொடுத்தாக வேண்டும்.

மேடையில் பேசியவர், 1921-இல் காந்தி நம் மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது அரை வேட்டிக்கு மாறியதை உருக்கமாகச் சொன்னார். உடையைக் குறைத்த ஊர் இது என்றார். எல்லோரும் கைதட்டினோம். கைதட்டி முடித்ததும் ஆளுக்கொரு டீ-சர்ட் கொடுத்தார்கள். பாலித்தீன் கவருக்குள், நெஞ்சில் பச்சை எழுத்தில் 'பூமியைக் காப்போம்'.

அதுகூடப் பரவாயில்லை. "சின்னச் சின்ன தையல் யூனிட்காரங்க வெட்டுத்துணியைக் கண்ட இடத்துல கொட்டுறாங்க, கிருதுமால் ஆறு அடைச்சுக்கிறதே அதனாலதான்" என்றாரே, அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வில்லாபுரத்தில் ஒன்பது மிஷின் போட்டிருக்கிறவள் நான். முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

சரி, கணக்கு பார்ப்போம். போன தீபாவளிக்கு 600 நைட்டி ஆர்டர். வெட்டும்போது விழுவது கழுத்துத் துண்டும் கைக்குழித் துண்டும், உள்ளங்கை அகலம் இருக்கும். 600-க்கும் சேர்த்து இரண்டு மூட்டை வந்தது. தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் லோடு ஆட்டோவில் 240 நைட்டி திரும்பி வந்தது. "இந்தக் கலர் விக்கலம்மா, வச்சுக்கங்க, அடுத்த பில்லுல கழிச்சுக்கிறேன்." ஒரு நைட்டிக்கு மூன்று மீட்டர் என்றால் 720 மீட்டர். வெட்டி, தைத்து, ஜிப் வைத்து, இஸ்திரி போட்டு மடித்த 720 மீட்டர். குப்பை எது, நீங்களே சொல்லுங்கள். அந்த ஆட்டோவை அனுப்பியவர்தான் சனிக்கிழமை கேடயம் வாங்கினார்.

துணி வியாபாரத்தில் கழிவு குறைய வேண்டுமானால் ஆர்டர் நோட்டில் குறையுங்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 600 எழுதுகிற இடத்தில் 300 எழுதுங்கள். ஓடினால் மறுபடி கேளுங்கள், நான்கே நாளில் தருகிறேன். வெட்டாமல் சுருளாகக் கிடக்கும் துணியைச் சுடிதாராகவும் தைக்கலாம், தலையணை உறையாகவும் தைக்கலாம். வெட்டித் தைத்த பிறகு மாற்ற வேண்டுமானால் எல்லாத் தையலையும் பிரித்தாக வேண்டும்.

"ஜனங்கதான் ஆஃபர் கேக்குறாங்க" என்று வருவீர்கள், தெரியும். ஆடித் தள்ளுபடி எதற்கு வந்தது? தேங்கியதைத் தள்ளிவிட. இப்போது ஆடியில் தள்ளுபடி செய்வதற்கென்றே சித்திரையில் தைக்கச் சொல்கிறார்கள். தேங்குவதற்கு முன்பே தேங்கியதாகக் கணக்கு!

அப்பா மீனாட்சி கோயில் எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் தைத்தவர். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு ரொம்ப முன்னால். பள்ளிக்கூடச் சட்டை என்றால் பக்கத் தையலில் இரண்டு விரல் துணி உள்ளே விட்டிருப்பார், பாவாடை அடியில் ஒரு மடிப்பு. "வளர்ற பிள்ளை." அடுத்த ஜூனில் அதே பிள்ளை வந்து நிற்கும், மடிப்பைப் பிரித்து விடுவார், கூலி வாங்க மாட்டார். பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத ஒரு கோடு தெரியும். என் பாவாடையிலும் அந்தக் கோடு இருந்தது, எனக்கு அப்போது அது வெட்கம். அவர் காலடியில் விழும் துண்டில் பெரியது சட்டைப் பட்டிக்குப் போகும், நடுத்தரம் அம்மாவுக்குக் கரித்துணி, மீதி தலையணைக்குள். ஒரு மேடையிலும் அவரைக் கூப்பிட்டதில்லை.

இப்போது அந்த மடிப்பு விடச் சொன்னால் கடைக்காரர் ஒத்துக்கொள்வதில்லை. பீஸுக்கு இத்தனை சென்டிமீட்டர் மிச்சம் என்கிறார். அடுத்த வருஷம் புதுசு விற்கலாமே, அதைச் சொல்ல மாட்டார்.

"காட்டன்தானே, மண்ணில் போட்டால் மக்கிவிடும்" என்று ஒரு தம்பி கமென்டில் எழுதியிருந்தான். தம்பி, நூலை உருவிக் கொளுத்திப் பார். பஞ்சு என்றால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கடுகு மாதிரி கெட்டியாக நிற்கும். இன்று வருவதில் பாதி கலப்படத் துணி. சுத்தக் காட்டனிலும் தைக்கிற நூல் பாலியஸ்டர். அதுவும் மக்கிவிடும் என்றே வைத்துக்கொள், பருத்திக்குப் பாய்ச்சிய தண்ணீர் திரும்பி வருமா? சாயத் தண்ணீர்? நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காக 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை ஐகோர்ட் மூடச் சொன்னது, உனக்கு ஞாபகம் இருக்காது. விற்காத நைட்டிக்கும் அதே சாயம்தான் போட்டது.

"நீங்க ரொம்ப யோக்கியமா?" இல்லை. ஆரம்பத்தில் இரண்டு வருஷம் வெட்டுத்துண்டை மாடியில் வைத்து எரித்தோம். பக்கத்து வீட்டு அத்தை இருமிக்கொண்டே வந்து சண்டை போட்டார், நிறுத்தினோம். இப்போது காட்டன் துண்டைத் தனியாகக் கட்டி மெக்கானிக் கடைகளுக்குத் துடைக்கக் கொடுக்கிறோம். கலப்படத் துணித் துண்டை யாரும் வாங்குவதில்லை, அது மாநகராட்சி வண்டியில்தான் போகிறது. அதற்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

"துண்டுத் துணியில் மஞ்சப்பை தைக்கலாமே" என்பவர்களுக்கு: தைக்கிற அக்காவுக்குக் கூலி யார் தருவது? கடைப்பேர் போட்டு இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். அவர்கள் பசுமைக்கு என் கரண்டு பில்.

மேடையில் கூப்பிடவில்லை என்று பொறாமையா என ஓர் அண்ணன் இன்பாக்ஸில் கேட்டார். ஆமாம் அண்ணே, கொஞ்சம் பொறாமைதான். எனக்கில்லாவிட்டாலும் அந்த 240 நைட்டியையும் கழுத்துப் பிரித்து, தையலைப் பிரித்து, தலையணை உறையாக மாற்றிய என் ஒன்பது பேருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

டீ-சர்ட்டை அம்மா கரித்துணிக்குக் கேட்டார். கொடுக்கும் முன் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டினேன். சுருண்டு, கருத்து, கடுகாக நின்றது. சூடான சட்டியைப் பிடித்தால் கையிலேயே ஒட்டும். வேண்டாம்மா என்று வாங்கி வைத்துவிட்டேன்.