பேங்க் லோன்னா டெலிவரி லேட்டாகுமாம்!

புதுச்சேரி எல்லையில இருக்கற முள்ளோடை தாண்டிப் போய், பேங்க் லோன்ல கார் கேட்டு ஷோரூம்ல அவமானப்பட்ட டீச்சரம்மா பத்தின போஸ்ட்டை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. "எங்ககிட்ட ஃபைனான்ஸ் போடலன்னா டிஸ்கவுண்ட் கிடையாது, டெலிவரியும் லேட்டாகும்"னு ஷோரூம்ல சொன்னதைக்கூட விட்டுடலாம், அது அவங்க பொழப்பு. அந்தப் போஸ்ட்டுக்குக் கீழ கமெண்ட்ல வந்து "ஷோரூம் மேல என்ன தப்பு"ன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் தாங்கல.

எந்த பேங்க் லோன் கொடுத்தாலும் பணம் பெரும்பாலும் நேரா ஷோரூம் கணக்குக்கே போயிடும். மிச்சத்தை நாம கட்டறோம். வண்டி வெளியே வர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்கு முழுப் பணமும் வந்தாச்சு. இதுல அவங்களுக்கு என்ன நஷ்டம்? ஷோரூம்லயே லோன் போட்டுக் கொடுக்கற ஃபைனான்ஸ் டேபிள் வழியா போனா அவங்களுக்கு வர்ற பேஅவுட், அதாவது கமிஷன், வராது, அவ்வளவுதான். அதை நேரா சொல்லிட்டா யார் சண்டைக்கு வரப்போறா?

"அங்க 6 பர்சென்ட்தான், பேங்க்ல 9"னு ஒரு அண்ணன் கணக்கு சொன்னார். அண்ணே, அது ஃபிளாட், அதாவது அசல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசி வரைக்கும் முழுக் கடனுக்கும் வட்டி. 8 லட்சம், 60 மாசம்னு வெச்சுக்குங்க. 6% ஃபிளாட்ல வட்டி 2,40,000, தவணை 17,333. மிச்ச அசலுக்கு மட்டும் வட்டி போடற 9% ரெட்யூசிங்ல தவணை 16,607, வட்டி 1,96,000 சொச்சம். கம்மின்னு நினைச்சு 43,600 ரூபாய் கூடக் கட்டறீங்க. உங்க 6 நெஜத்துல 10.85க்கு கிட்ட வருது. 2024 அக்டோபர் 1லேர்ந்து சாங்ஷன் ஆகுற ரீடெய்ல் லோனுக்கெல்லாம் வட்டி, ஃபீஸ் எல்லாம் எழுதின கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட் கொடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. அதுல ஏபிஆர்னு ஒரு வரி, பிராசசிங் ஃபீஸெல்லாம் சேர்த்த வட்டி. ஃபைனான்ஸ் டேபிள்ல அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்க, "சிஸ்டம் ஸ்லோ சார்"னு வரும்.

"அங்க அரை நாள்ல முடியுது"ங்கறீங்க. முடியும், ஒத்துக்கறேன். பேங்க்ல இழுக்கறதும் உண்மைதான். ஆனா பாதி இழுவை நம்ம பேப்பரால வர்றது. கார் புக் பண்ணிட்டு லோனுக்கு அலையாதீங்க, லோன் ஓகேன்னு பேங்க் கொடுக்கற சாங்ஷன் லெட்டர் கையில வந்தப்புறம் புக் பண்ணுங்க. ஷோரூம் கொடுக்கற ப்ரொஃபார்மா இன்வாய்ஸ்ல, அதாவது விலைத் தாள்ல, உங்க பேர் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கணும், இனிஷியல் முன்னாடியா பின்னாடியான்றது வரைக்கும். ஷோரூம் போர்டுல இருக்கற பேர் வேற, அவங்க பேங்க் கணக்குல இருக்கற பேர் வேறயா இருக்கலாம். ஷோரூம்ல கேன்சல்டு செக் ஒண்ணு வாங்கி பேங்க்ல கொடுங்க, இல்லன்னா பணம் அனுப்பறதுல குழப்பம் வரலாம். ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் போடற ஃபாரம் 20ல பேங்க் கையெழுத்தை முன்னாடியே வாங்கிடணும். வெத்துத் தாள்ல கையெழுத்து மட்டும் போடாதீங்க.

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒருத்தர் பேங்க்ல கடன் வாங்கியும், இன்சூரன்ஸ்ல கடன் கொடுத்தவங்க பேருக்கு ஷோரூம்ல வழக்கமா அடிக்கற ஃபைனான்ஸ் கம்பெனி பேரையே அடிச்சுட்டாங்க. ஆர்சியிலயும் அதே பேர் ஏறிடுச்சு. கடனே வாங்காத இடத்துல போய், கடன் பாக்கி இல்லன்னு என்ஓசி கேட்டு நின்னார் மனுஷன். இன்சூரன்ஸ் பேப்பரை ஒரு நிமிஷம் படிச்சிருந்தா அந்த அலைச்சலே இல்ல.

"ஷோரூம்காரங்களும் பொழைக்கணும்ல"னு ஒரு குரல். பொழைக்கட்டும், யார் வேணாம்னா? ஃபைனான்ஸோட சேர்ந்த ஆஃபர்னு நெஜமாவே சில நேரம் உண்டு. அப்படின்னா புக்கிங் ஃபாரத்துலயே எழுதிக் கொடுங்க. அட்வான்ஸ் வாங்கற வரைக்கும் எக்ஸ்சேஞ்ச் போனஸும் கார்ப்பரேட் ஆஃபரும் எல்லாருக்கும் உண்டு, பேங்க் பேரைச் சொன்னதும் எல்லாம் ஆவியாயிடுதுன்னா அதுக்குப் பேர் என்ன?

டீச்சரம்மா சாங்ஷன் லெட்டரோட, கணக்குப் போட்ட தாளோடதான் போயிருந்தாங்க. இருபது பேர் முன்னாடி "பேங்க் லோனா?"ன்னு இழுத்துக் கேட்டு நிக்க வெச்சிருக்காங்க. அதுக்கும் சிரிப்பு பொம்மை போட்டீங்க. "காசில்லாதவங்களுக்கு எதுக்கு கார்"னு எழுதின தம்பி, உன் வண்டி ஆர்சியை எடுத்து, கடன் கொடுத்தவங்க பேர் வர்ற ஹெச்பின்னு போட்டிருக்கற இடத்துல யார் பேர் இருக்குன்னு பார்த்துட்டு வா.