66ஏ பிரிவு போனதால் இணையத் துன்புறுத்தல் குற்றமற்றதாகிவிடவில்லை
"2015-இல் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கிவிட்டது, அதனால் வலைப்பதிவில் எழுதும் பெண்ணை யார் என்ன சொன்னாலும் அது கருத்துரிமைதான்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதி தவறு.

ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ரத்தானது, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைத் தண்டித்த அந்த ஒரு பிரிவு மட்டுமே. "எரிச்சல்", "அசௌகரியம்" போன்ற வரையறையற்ற சொற்களுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றிருந்ததே அதற்குக் காரணம். 2012-இல் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய இளம்பெண்ணோடு, அதற்கு 'லைக்' இட்ட தோழியும் கைதானார் என்பதை நினைத்தால், அத்தீர்ப்பு எவ்வளவு அவசியமானது என்பது புரியும். நானும் அதை முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவை அத்தீர்ப்பு தொடவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் அது, அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் நெருங்கிப் பழகும் நோக்கில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், அவர் இணையத்தையும் மின்னஞ்சலையும் பயன்படுத்துவதைக் கண்காணிப்பதும் அதன்படி குற்றம். முதல் முறை தண்டனை பெறுபவருக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டினால், 351-ஆம் பிரிவின்படி கூடுதல் தண்டனையும் சேரும். எனவே அப்படி மிரட்டப்படும் பெண்ணிடம் "சட்டமே இல்லை, பொறுத்துக்கொள்" என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். திரைப்பிடிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு அவர் இன்றே புகார் கொடுக்கலாம்.